மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் சொரியாசிஸ் நோயாளிகளின் ஈரல்: யாருக்கு எந்த ஸ்கேன், எப்போது?

தோல்_முதுநிலை, புதுச்சேரி:

வணக்கம். தோல் பிரிவு முதுநிலைப் படிப்புக்கான ஆய்வு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். புதுச்சேரியில் எங்கள் ஓபிக்கு ஊருக்குள்ளிருந்து மட்டுமில்லாமல் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், திண்டிவனம் பக்கமிருந்தும் சொரியாசிஸ் (தோல் செதில் செதிலாக உரியும் நோய்) நோயாளிகள் வருகிறார்கள். பலர் வருடக்கணக்கில் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் (நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை, ஈரலைப் பாதிக்கலாம்) எடுப்பவர்கள். சர்க்கரை, தொப்பை, குடி மூன்றும் கலந்த கூட்டம்.

இப்போதைய வரைவு இது: 18 வயதுக்கு மேல், பாசி மதிப்பெண் (சொரியாசிஸின் தீவிரத்தை அளப்பது) 10-க்கு மேல் இருந்ததால் மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிக்கப்பட்டு, குறைந்தது ஒரு வருடம் மருந்து எடுத்தவர்கள். எல்லோருக்கும் ஈரல் ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் விறைப்பை அளப்பது). அல்ட்ராசவுண்டில் கட்டி மாதிரி எது தெரிந்தாலும் டிரிப்பிள் ஃபேஸ் சிடி (காண்ட்ராஸ்ட் ஏற்றி வெவ்வேறு நேரங்களில் எடுக்கும் படங்கள்) எடுத்து லை-ராட்ஸ் (ஈரல் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பை எண்ணால் குறிக்கும் அளவுகோல்) முறையில் தரம் பிரிப்பது. கடைசியில் எத்தனை பேருக்கு ஈரல் புற்றுநோய் என்று கணக்கெடுப்பது.

கேள்விகள்:
1. எல்லோருக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா, ரத்தப் பரிசோதனையை வைத்து முதலில் வடிகட்டலாமா?
2. அல்ட்ராசவுண்டில் புள்ளி தெரிந்த எவருக்கும் லை-ராட்ஸ் போடலாமா?
3. சிடி அறையில் 'பிளெய்ன், காண்ட்ராஸ்ட்' என்று இரண்டு ஃபேஸோடு முடித்துவிடுகிறார்கள். படிவத்தில் எதைக் கட்டாயமாக எழுதிக் கேட்கவேண்டும்?
4. 18 மாதத்தில் 150 பேர் கிடைப்பார்கள். போதுமா?

---

ஈரல்_ஓபி, கடலூர்:

நான்காவது கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும். அதைக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன். முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

வடிகட்டலாம், வடிகட்டத்தான் வேண்டும். அதற்கு ஃபிப்-4 (ஈரல் தழும்பை ரத்தப் பரிசோதனையிலிருந்து கணிக்கும் எண்) போதும். வயதை எஸ்ஜிஓடியால் (இதுவும் எஸ்ஜிபிடியும் ஈரல் நொதிகள்) பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 52 வயது, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 52 × 48 = 2496. கீழே 160 × 6 = 960. விடை 2.6. கவனியுங்கள், பிளேட்லெட்டை 160 என்று போட்டிருக்கிறேன். நம் லேப் ரிப்போர்ட்டில் 1.6 லட்சம் என்றோ 1,60,000 என்றோதான் வரும். எக்செல் தாளில் அதை அப்படியே ஏற்றினால் ஃபிப்-4 ஒரு நோயாளிக்கு 260 என்றும் இன்னொருவருக்கு 0.0026 என்றும் வந்து நிற்கும். ஆய்வுத் தாள்களில் அடிக்கடி பார்க்கிற பிழை இது. படிவத்திலேயே 'லட்சத்தை 100-ஆல் பெருக்கி எழுதவும்' என்று அச்சடித்துவிடுங்கள்.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கோட்டை 2.0-ஆக உயர்த்தவேண்டும், இல்லையென்றால் வயது ஒன்றே எண்ணைத் தூக்கிவிடும். 2.67-க்கு மேல் போனால் சந்தேகம் வலுவானது. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்பவேண்டாம்.

இதில் உங்கள் நோயாளிகளுக்கென்றே இரண்டு பொறிகள் இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் போட்ட ஓரிரு நாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தற்காலிகமாக ஏறும். கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 5 நாள் கழித்துத்தான் ரத்தம் எடுக்கவேண்டும். உங்கள் ஓபி செவ்வாய்க்கிழமை என்றால் மாத்திரை நாளைப் புதன் அல்லது வியாழன் என்று வைத்துவிடுங்கள், கணக்கு தானாகச் சரியாகிவிடும். ஞாயிறு மாத்திரை, செவ்வாய் ரத்தம் என்றால் பாதிப் பேருக்கு மருந்தை வீணாக நிறுத்த நேரிடும். இரண்டாவது, மெத்தோட்ரெக்சேட் மஜ்ஜையை அமுக்கி பிளேட்லெட்டைக் குறைக்கலாம். அப்போது ஈரல் நன்றாக இருந்தாலும் ஃபிப்-4 ஏறும். வெள்ளணுவும் சேர்ந்து குறைந்திருக்கிறதா, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஈரலைச் சந்தேகப்படவேண்டும்.

1.3 தாண்டியவர்களை ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்புங்கள். 3 மணி நேரம் வெறும் வயிறு. பண்ருட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டு 9 மணிக்கு நிற்பவரை உடனே படுக்கவைத்தால் எண் கூடுதலாக வரும், சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் அதிகமாவதால். குறைந்தது 10 செல்லுபடியான அளவீடு வேண்டும். இடைக்கால் வீச்சை (அளவீடுகளின் நடுப்பாதி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது) நடுமதிப்பால் வகுத்தது 30 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். தோலிலிருந்து ஈரல் உறைவரை 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் எம் புரோபை (வழக்கமான கருவிமுனை) வைத்துவிட்டு எக்ஸ்எல் புரோப் (தடித்த உடம்புக்கானது) எடுக்கவேண்டும். எந்தப் புரோப் என்பதும் படிவத்தில் பதிவாகட்டும்.

8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் நிம்மதி. 8 முதல் 12 வரை இடைநிலை. 12 தாண்டினால் ஈரல் மருத்துவரிடம் அனுப்புங்கள். எஸ்ஜிபிடி இயல்பைவிட 5 மடங்குக்கு மேல் ஏறியிருக்கும்போதும், பித்தக்குழாய் அடைப்பு இருக்கும்போதும், வலப்பக்க இதயச் செயலிழப்பில் ஈரல் வீங்கியிருக்கும்போதும் எடுக்காதீர்கள். தழும்பே இல்லாமல் 20 காட்டும்.

இன்னொன்று. உங்கள் தலைப்பு மெத்தோட்ரெக்சேட்டை முன்கூட்டியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. பழைய வழக்கம், மொத்த அளவு 1.5 கிராம் ஆனதும் ஊசி குத்தி ஈரல் சதை எடுப்பது. வாரம் 15 மி.கி. என்றால் வருடத்துக்கு 780 மி.கி., இரண்டு வருடத்தில் அந்த எண் வந்துவிடும். இப்போது மொத்த அளவைவிட சர்க்கரை, உடல் எடை, குடி, ஹெபடைடிஸ் பி, சி ஆகியவைதான் தழும்பை அதிகம் தீர்மானிக்கின்றன என்று தெரிகிறது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மாத்திரையே எடுக்காவிட்டாலும் ஃபேட்டி லிவர் அதிகம். அதனால் மொத்த அளவு, இடுப்புச் சுற்றளவு (ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. கோடு), சர்க்கரை, குடி நான்கையும் தனித்தனிக் கட்டமாக வைக்காமல் போனால் முடிவில் எல்லாப் பழியும் மாத்திரை மேல் விழும்.

குடியைப் 'பழக்கம் உண்டா, இல்லையா' என்று கேட்காதீர்கள். குவார்ட்டர் கணக்கில் கேளுங்கள். 180 மி.லி., 42.8 சதவீதம் என்றால் சுமார் 61 கிராம் ஆல்கஹால். வாரம் 4 குவார்ட்டர் போடுகிற ஆண் 243 கிராம் எடுக்கிறார். 2023-இல் வந்த புதிய பெயரிடல்படி ஆணுக்கு வாரம் 210 கிராம் தாண்டினால் அது வெறும் வளர்சிதை மாற்றக் கொழுப்பு ஈரல் இல்லை, குடியும் சேர்ந்த வகை. 'எப்பவாச்சும்தான் சார்' என்று சொல்பவர் பெரும்பாலும் இந்த வகையில்தான் வருவார். புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பதில் மாறும், அதனால் 'எங்கே வாங்குவீர்கள்' என்பதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டால் அளவு சரியாக வரும்.

---

நிழற்படம்_அறை3, புதுச்சேரி:

இரண்டாவது கேள்விக்குப் பதில்: போடக்கூடாது. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் ரிப்போர்ட்டுகளில் தினமும் நடக்கிற தவறு இது.

லை-ராட்ஸ் என்பது ஈரல் புற்றுநோய் வர ஏற்கெனவே அதிக வாய்ப்புள்ளவர்களுக்காக மட்டும் செய்யப்பட்ட அளவுகோல். 18 வயது முடிந்து, சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) இருக்கவேண்டும். அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருக்கவேண்டும். அல்லது ஈரல் புற்றுநோய் இப்போதோ முன்போ இருந்திருக்கவேண்டும். வெறும் ஃபேட்டி லிவர், வெறும் மெத்தோட்ரெக்சேட் இதில் சேராது. சிரோசிஸ் இருந்தாலும், அது ரத்தக்குழாய்க் கோளாறாலோ பிறவித் தழும்பாலோ வந்தது என்றால் சேராது.

ஏன் இந்தக் கெடுபிடி? ஒரு கற்பனைக் கணக்கு. புற்றை 70 சதவீதம் பிடிக்கிற, புற்று இல்லாதவரை 95 சதவீதம் சரியாக விடுகிற சோதனை என்று வைப்போம். புள்ளி உள்ள 1000 பேரில் 300 பேருக்கு உண்மையிலேயே புற்று என்றால் 210 பேரைப் பிடிக்கும், 35 பேரைத் தவறாகச் சொல்லும். 'புற்று' என்று சொன்னால் 86 சதவீதம் உண்மை. அதே சோதனையை 1000-க்கு 10 பேருக்கு மட்டும் புற்று உள்ள கூட்டத்தில் நடத்தினால் 7 பேரைப் பிடித்து, கிட்டத்தட்ட 50 பேரைத் தவறாகச் சொல்லும். உண்மை 12 சதவீதம். இயந்திரமும் அதுதான், படம் பார்க்கிறவரும் அவர்தான். ஊசி குத்திச் சதை எடுக்காமலே எல்ஆர்-5-ஐ (லை-ராட்ஸில் புற்று உறுதி என்கிற தரம்) புற்று என்று ஏற்றுக்கொண்டு சிகிச்சைக்குப் போவதற்கு உரிமை தருவது முதல் கூட்டம் மட்டும்தான்.

உங்கள் கூட்டத்தில் அல்ட்ராசவுண்டில் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் வேறு சங்கதி. கொழுப்பேறிய ஈரலில் பித்தப்பைக்கு ஓரத்திலும் ஃபால்சிஃபார்ம் தசைநாருக்குப் பக்கத்திலும் கொழுப்பு படியாமல் விட்டுப்போன இடம் கருப்புக் கட்டி மாதிரி தெரியும். கோணல் ஓரம், நடுவில் ரத்தக்குழாய் வளையாமல் நேராக ஓடும், பக்கத்துச் சதையைத் தள்ளாது. வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தால் ஹெமாஞ்சியோமாவை (ரத்தக்குழாய்களாலான தீங்கற்ற கட்டி) முதலில் நினைக்கவேண்டும். சிடியில் அது ஓரத்தில் திட்டுத்திட்டாக நிறமேறி, தாமதப் படத்தில் உள்நோக்கி நிரம்பும். கொழுப்பா இல்லையா என்பதற்கு எம்ஆர்ஐயில் இன்-ஃபேஸ், ஆப்போசிட்-ஃபேஸ் படம் இரண்டு போதும், கதிர்வீச்சும் இல்லை. ஆகவே சிரோசிஸ் இல்லாதவருக்குப் புள்ளி தெரிந்தால் எம்ஆர்ஐ கேளுங்கள், ரிப்போர்ட்டில் விவரணை கேளுங்கள், லை-ராட்ஸ் எண் கேட்காதீர்கள்.

சிரோசிஸ் உறுதியானவருக்கு வேறு பாதை. 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும் (ஈரல் புற்றில் ஏறக்கூடிய ரத்தப் புரதம்). ஆரம்பக் கட்டப் புற்றை அல்ட்ராசவுண்ட் தனியாகப் பாதிக்கும் குறைவாகத்தான் பிடிக்கிறது. ஏஎஃப்பி சேர்ந்தால் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் கட்டி தெரிந்தாலோ ஏஎஃப்பி 20 நானோகிராமை எட்டினாலோ சிடி அல்லது எம்ஆர்ஐ. 10 மி.மீ.க்குக் குறைவு என்றால் 3 முதல் 6 மாதத்தில் திரும்ப அல்ட்ராசவுண்ட். ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: ஈரல் எவ்வளவு தெரிந்தது என்கிற ஏ, பி, சி மதிப்பு. தடித்த உடம்பு, கொழுப்பேறிய ஈரல் இரண்டும் ஒலியை உறிஞ்சுவதால் ஈரலின் மேல் குவிமாடப் பகுதி தெரியவே தெரியாது. சி என்று வந்தவருக்கு 'கட்டி இல்லை' என்று எழுதினால் அதற்கு அர்த்தம் 'பார்க்கவில்லை' என்பதுதான்.

இனி சிடி. சாதாரண ஈரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் சிரையிலிருந்து, கால் பங்கு தமனியிலிருந்து. புற்று தமனியைத்தான் உறிஞ்சும். அதனால் தமனிப் படத்தில் பளிச்சென்று ஏறி, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிடக் கருத்துப்போகும். இந்த ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததுதான் அடையாளம். 'பிளெய்ன், காண்ட்ராஸ்ட்' எடுத்தால் ஏற்றத்தைத் தவறவிடுவீர்கள், இறக்கத்தையும் தவறவிடுவீர்கள், 60 வினாடிப் படத்தில் கட்டி ஈரலின் நிறத்திலேயே ஒளிந்துகொள்ளும்.

படிவத்தில் இப்படி எழுதுங்கள்: காண்ட்ராஸ்டுக்கு முன் ஒரு படம், பிந்தைய தமனிப் படம், 35 முதல் 40 வினாடி, போர்ட்டல் படம், 60 முதல் 80 வினாடி, தாமதப் படம், 3 முதல் 5 நிமிடம். காண்ட்ராஸ்டில் மில்லிலிட்டருக்கு 350 மி.கி. அயோடின் உள்ளது என்றால் கிலோவுக்கு 1.5 மி.லி., ஆக 60 கிலோ ஆளுக்கு 90 மி.லி. வினாடிக்கு 4 மி.லி. வேகம், பின்னாலேயே 30 மி.லி. சலைன். இதற்கு முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் வெயின்ஃப்ளான் (சிரையில் போடும் ஊசிக்குழாய்) வேண்டும். புறங்கையில் நீல நிற 22 கேஜ் போட்டு அனுப்புவதுதான் பாதிப் படங்கள் கெடுவதற்குக் காரணம்: அந்த ஊசியில் வேகத்தைப் பாதியாகக் குறைப்பார்கள், தமனிப் படம் மங்கிப்போகும்.

நேரத்தை மணி பார்த்து வைப்பதைவிட, மகாதமனியில் அளவுகோல் வைத்து 100 முதல் 150 எச்யூ (சிடியில் அடர்த்தியின் அலகு) தொட்டதும் சுமார் 18 வினாடி கழித்து எடுப்பது நல்லது. இதயம் பலவீனமானவருக்குக் காண்ட்ராஸ்ட் தாமதமாக வரும், நிலையான 35 வினாடி அவருக்குப் பொருந்தாது. படம் சரியான நேரத்தில் எடுக்கப்பட்டதா என்று நீங்களே பார்க்கலாம்: ஈரல் தமனி முழுக்க வெள்ளை, போர்ட்டல் சிரையில் கொஞ்சம் ஏறத் தொடங்கியிருக்கிறது, ஈரல் சிரைகளில் ஒன்றும் இல்லை. போர்ட்டல் சிரையும் கருப்பாக இருந்தால் அவசரப்பட்டு எடுத்த படம். அந்தப் படத்தில் 'ஏற்றம் இல்லை' என்ற வரிக்கு மதிப்பில்லை.

கொழுப்பேறிய ஈரலில் ஒரு கூடுதல் தொல்லை. பின்னணி ஈரலே கருப்பாக இருப்பதால் கட்டி காண்ட்ராஸ்ட் ஏறாமலே வெள்ளையாகத் தெரியும், பிறகு கருத்துப்போவதும் தெரியாது. காண்ட்ராஸ்டுக்கு முந்தைய படத்தைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் ஈரல் 40 எச்யூவுக்குக் கீழே இருந்தால் சிடியோடு மல்லுக்கட்டாமல் எம்ஆர்ஐக்குப் போய்விடுங்கள்.

எல்ஆர்-5 என்றால்: தமனிப் படத்தில் ஓரம் மட்டுமில்லாத ஏற்றம் கண்டிப்பாக வேண்டும். 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கூடவே கருத்துப்போதல், உறை, 6 மாதத்துக்குள் 50 சதவீத வளர்ச்சி இவற்றில் ஏதாவது ஒன்று. 10 முதல் 19 மி.மீ. என்றால் உறை மட்டும் போதாது, அது எல்ஆர்-4 தான். மோதிரம் மாதிரி ஓரத்தில் மட்டும் ஏறினால் எல்ஆர்-எம். அது வேறு உறுப்பிலிருந்து வந்ததாகவோ பித்தக்குழாய்ப் புற்றாகவோ இருக்கலாம், சதை எடுத்துத்தான் சொல்லமுடியும்.

---

தோல்_முதுநிலை, புதுச்சேரி:

மிக்க நன்றி சார், மேடம். அப்படியானால் 'ஈரல் புற்று எத்தனை பேருக்கு' என்பதை முதன்மை விளைவாக வைப்பதே தவறா? கைடு அதைத்தான் தலைப்பில் கேட்கிறார். இன்னொன்று, வலப்பக்க விலாவில் தடித்த செதில் உள்ளவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் எப்படி எடுப்பது?

---

எண்ணும்_எழுத்தும்:

தவறு என்பதைவிட, விடை கிடைக்காத கேள்வி. சிரோசிஸ் உள்ளவர்களில் வருடத்துக்கு 1.5 சதவீதம் என்கிற அளவில் புற்று வந்தால்தான் 6 மாதக் கண்காணிப்பே செலவுக்குத் தகும் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் 150 பேரில் சிரோசிஸ் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். 18 மாதத்தில் பெரும்பாலும் பூஜ்யம் வரும். 150-இல் பூஜ்யம் வந்தால் அதன் 95 சதவீத மேல்வரம்பு 3-ஐ 150-ஆல் வகுத்தது, அதாவது 2 சதவீதம். 'எங்கள் நோயாளிகளுக்குப் புற்று அபாயம் இல்லை' என்று எழுதமுடியாது, '2 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை' என்றுதான் எழுதலாம். அதைச் சொல்ல ஒரு ஆய்வு வேண்டியதில்லை.

முதன்மை விளைவாக '8 கிலோபாஸ்கல் அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் எத்தனை சதவீதம்' என்று வையுங்கள். எதிர்பார்ப்பு 25 சதவீதம், துல்லியம் கூடக்குறைய 7 சதவீதம் என்று எடுத்தால்: 3.84 × 0.25 × 0.75 ÷ 0.0049 = 147. பத்தில் ஒருவருக்கு அளவீடு செல்லுபடியாகாது என்று வைத்தால் 147-ஐ 0.9-ஆல் வகுத்து 164. உங்கள் 150-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த 25 என்பது நான் உதாரணத்துக்குப் போட்டது; உங்கள் கூட்டத்துக்கு ஒத்த ஆய்விலிருந்து எடுங்கள், இல்லையேல் முதல் 30 பேரில் முன்னோட்டம் பார்த்து எடுங்கள்.

இங்கே ஒரு முரண். மேலே ஈரல்_ஓபி சொன்ன வடிகட்டல் சிகிச்சைக்குச் சரி, ஆய்வுக்குச் சரியில்லை. ஃபிப்-4 1.3 தாண்டியவர்களுக்கு மட்டும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால், 1.3-க்குக் கீழே எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்பதே தெரியாமல் போகும். சதவீதமும் பொய்யாகும். ஆய்வில் 164 பேருக்கும் இரண்டும் எடுங்கள். இயந்திர நேரம் கிடைக்காவிட்டால் 1.3 தாண்டிய எல்லோரும், கீழே உள்ளவர்களில் குலுக்கலில் மூன்றில் ஒருவரும் என்று எடுத்து, கணக்கில் அவர்களுக்கு மூன்று மடங்கு எடை கொடுங்கள்.

ஃபைப்ரோஸ்கேன் எடுப்பவருக்கு ஃபிப்-4 தெரியக்கூடாது. எவ்வளவு நாள் மாத்திரை எடுத்தார் என்பதும் தெரியக்கூடாது. படங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதி, பிறகு ஒத்துப்போகிறதா என்று கப்பா போடுங்கள். மாத்திரை எடுக்காத, தைலமும் களிம்பும் மட்டும் போடும் சொரியாசிஸ் நோயாளிகள் ஒரு குழு இல்லாமல் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதமுடியாது. இதைத்தான் எக்ஸாமினர் முதலில் கேட்பார். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. குடிப்பவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் நீங்களே மெத்தோட்ரெக்சேட் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். மாத்திரை எடுத்த குழு ஆரோக்கியமாகத் தெரியும். வரம்புகள் பகுதியில் அதை நேராக ஒப்புக்கொள்ளுங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதிக்குப் பிறகு, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவையும் முடித்துவிடுங்கள். அது 2007-இலிருந்து இருக்கிறது. பின்தேதியில் பதிவது இதழ்களில் தகராறாகும்.

---

சீனியர்_தோல், கடலூர்:

செதில் கேள்விக்கு. ஜெல்லுக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி போகாது. தடித்த செதிலுக்குள் முழுக்கக் காற்றுதான். முந்தின நாள் இரவும் அன்று காலையும் லிக்விட் பாரஃபின் தடவச் சொல்லுங்கள், செதில் ஊறி வந்துவிடும். எடுக்கும் இடத்தில் வழவழப்பை மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு ஜெல் போடலாம். கரடுமுரடான டிஷ்யூவால் அழுத்தித் தேய்க்கவேண்டாம், உரசிய இடத்தில் இரண்டு வாரத்தில் புதுச் செதில் கிளம்பும், கோப்னர் விளைவு. விலா இடைவெளி ஒன்று மேலேயோ கீழேயோ நகர்ந்தால் பெரும்பாலும் நல்ல தோல் கிடைத்துவிடும்.

வெயின்ஃப்ளானுக்கும் அதே விதி. நல்லவேளை, சொரியாசிஸ் முழங்கையின் வெளிப்பக்கத்தைத்தான் பிடிக்கும், மடிப்பு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பிளாஸ்டரைப் பிய்த்து எடுக்காமல் எண்ணெய் தொட்டு உரிக்கச் சொல்லுங்கள். உடம்பு முழுக்கச் சிவந்த எரித்ரோடெர்மா நிலையில் இருப்பவரை ஆய்வில் சேர்க்கவேண்டாம்.

சேர்க்கக்கூடாதவர்கள் பட்டியலில் உங்கள் வரைவில் விட்டுப்போன ஒன்று: பெயரில்லாத பொடி, பாஷாணம் (ஆர்சனிக் மாதிரி நச்சு) சேர்ந்த மருந்து உள்ளுக்குச் சாப்பிட்டவர்கள். வெட்பாலைத் தைலம் மாதிரி மேல்பூச்சு பற்றிக் கவலையில்லை. உள்ளுக்குப் போகும் ஆர்சனிக் வேறு கதை. ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவமே ஃபௌலர் கரைசல் என்று அதைச் சொரியாசிஸுக்குக் கொடுத்தது. உள்ளங்கையில் கடுகு மாதிரி முண்டு, முதுகில் மழைத்துளி மாதிரி வெள்ளையும் கருப்பும் இருந்தால் நினைக்கவேண்டும். அது சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் அழுத்தத்தை ஏற்றும், அரிதாக ஈரலில் ஆஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ப் புற்று) வரவைக்கும். லை-ராட்ஸ் கணக்கு எதிலும் அது அடங்காது. 'என்ன மருந்து' என்று கேட்டால் 'நாட்டு மருந்து' என்பார்கள்; அடுத்த முறை வரும்போது பொட்டலத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், திட்டாமல்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி மேலுறை ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது, கோர் ஆன்டிபாடியும் பாருங்கள், பின்னால் அடாலிமுமாப் மாதிரி நோயெதிர்ப்பை அடக்கும் ஊசிக்கு மாறும்போது உள்ளே தூங்கும் வைரஸ் எழுந்துகொள்ளலாம். ஆன்டிஜென் இருப்பவர் ஈரல் ஓபிக்குப் போகட்டும். பூஞ்சை பிடித்த மல்லாட்டையை (நிலக்கடலை) பொறுக்கி எறியச் சொல்வதும் இவர்களுக்குத்தான் முதலில்; அதிலிருக்கும் அஃப்ளடாக்சினும் ஹெபடைடிஸ் பியும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று தூபம் போடும்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு விஷயம், ஆய்வு நோயாளி என்றாலும் நம் பொறுப்புதான். மெத்தோட்ரெக்சேட் 2.5-உம் ஃபோலிக் ஆசிட் 5-உம் பல கம்பெனிகளில் ஒரே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்துக்கு ஒருமுறை என்பது தினமும் என்று மாறினால் ஒரே வாரத்தில் வாய்ப்புண், ரத்த அணு வீழ்ச்சி. சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று எழுதாமல் 'புதன்கிழமை மட்டும்' என்று தமிழில் எழுதுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் (ஒரு ஆன்டிபயாட்டிக்) சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று சீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு இடத்தில் அதைக் கொடுத்துவிடுவார்கள்.

---

நிழற்படம்_அறை3, புதுச்சேரி:

அதோடு ஒட்டி ஒன்று. மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிடி காண்ட்ராஸ்ட் போட்டுச் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தாலும் மருந்து உடம்பில் தங்கிவிடும். முன்னால் ஒரு கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சிடியை மாத்திரை நாளுக்கு முந்தின நாளோ அன்றோ வைக்காமல், மாத்திரை போட்ட நாலைந்து நாள் கழித்து வையுங்கள். முதியவர், சர்க்கரைக்காரர் என்றால் அடுத்த வார மாத்திரைக்கு முன் இன்னொரு கிரியாட்டினின்.

---

எண்ணும்_எழுத்தும்:

குவார்ட்டர் கணக்கு பார்த்தேன், சரிதான். பீருக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் 'பீர் மட்டும்தான்' என்பவர்கள் எல்லோரும் குடிக்காதவர் கட்டத்தில் போய் விழுவார்கள். 650 மி.லி. பாட்டில், 5 சதவீதம் என்றால் சுமார் 26 கிராம். ஸ்ட்ராங், 8 சதவீதம் என்றால் 41.